வாடை வருதாக்கா?

எனக்கு எழுத வராது. அஞ்சாம் வகுப்போடு நின்றவள். கோடு போட்ட நோட்டில் எழுதினாலும் எழுத்து கோட்டை விட்டு இறங்கிவிடுகிறது. வருஷம், மாசம் எல்லாம் மறந்து போகிறது. ஒன்றை எழுதும்போது இன்னொன்று விட்டுப் போகிறது. பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் அவரைப் பற்றி யாராவது ஒருத்தர் எழுதத்தான் வேண்டும். கம்பத்தில் அவரைத் தெரிந்தவர்கள் இன்றைக்கு அவர் பேச்சை எடுத்தால், சிரிப்பதற்காக மட்டும்தான் எடுக்கிறார்கள்.

பெயரை எழுதவில்லை. அவருக்குப் பிள்ளைகள் இருக்கிறார்கள். மெக்கானிக் என்றே வைத்துக்கொள்ளுங்கள். கம்பத்திலிருந்து கூடலூர் போகிற சாலையில் அவருக்கு ஒரு தகரக் கொட்டகை இருந்தது. ரெண்டாயிரத்துக்குப் பிறகு ஐந்தாறு வருஷம் நான் அங்கே பாகம் கழுவினேன். கழற்றிப் போடுகிற சாமான்களைத் தட்டில் வைத்து, மண்ணெண்ணெயிலும் பெட்ரோலிலும் பிரஷ் போட்டுத் தேய்த்து, துடைத்து, எந்த வரிசையில் கழற்றினாரோ அந்த வரிசையில் சாக்கின் மேல் அடுக்கி வைப்பேன். அதற்கு முன்னால் திராட்சைத் தோட்டத்தில் வேலை. பத்துப் பந்தல் தள்ளி மருந்தடித்தாலும் இன்ன மருந்து என்று வாடையிலேயே சொல்லிவிடுவேன். என்னிடம் இருந்த கெட்டிக்காரத்தனம் அது ஒன்றுதான்.

அவருக்கு வாடையே தெரியாது. முதலில் இதைச் சொல்லிவிட வேண்டும்.

குமுளி மலைப் பாதையில் ஜீப்பின் பின்படியில் நின்று போனவர், ஒரு வளைவில் கைப்பிடி நழுவி விழுந்துவிட்டார். பின்மண்டையில் அடி. தையல் பிரித்து வீட்டுக்கு வந்த மூன்றாம் நாள், வீட்டம்மா அடுப்பில் கருவாடு வறுத்துக்கொண்டிருக்க, பக்கத்திலேயே உட்கார்ந்துகொண்டு, “என்ன, இன்னைக்குச் சமையல் ஒண்ணும் ஆகலையா?” என்று கேட்டாராம். “தெரு முனை வரைக்கும் நாறுது, கேக்குற கேள்வியப் பாரு” என்று அந்தம்மா கரண்டியோடு திரும்பியதாம். அன்றைக்குத்தான் தெரிந்தது. இதை அவரே என்னிடம் சொல்லிச் சிரித்தார். சிரித்து முடித்துவிட்டு, “வெளிய சொல்லிராதீகக்கா. மூக்கு செத்தவன்கிட்ட பெட்ரோல் வண்டிய எவன் விடுவான்?” என்றார்.

அவரைவிட நான் நாலைந்து வயது மூத்தவள். அதனால் அக்கா.

என்னிடம் அவர் சொன்னதற்குக் காரணம் இருந்தது. நான் வேலைக்குச் சேர்ந்த புதிதில், ஒரு ஜீப்பை வேலை முடித்து நிறுத்தியிருந்தார். பக்கத்தில் கூட்டிக்கொண்டிருந்த எனக்கு பெட்ரோல் வாடை குப்பென்று அடித்தது. ஆம்பளைகள் நாலு பேர் நிற்கிற இடத்தில் நான் வாய் திறக்க மாட்டேன். அவர் தனியாக வந்த நேரம் பார்த்து, “தம்பி, அந்தக் குழாய்ப் பக்கம் என்னமோ…” என்று இழுத்தேன். அவர் போய்த் தடவிப் பார்த்தார். ஒரு குழாய் மயிரிழைக்கு வெடித்திருந்தது. வண்டிக்காரர் பீடி பற்றவைத்துக்கொண்டே ஏற வந்துகொண்டிருந்தார். அன்றைக்கு மெக்கானிக் என்னைப் பார்த்த பார்வை இன்னும் எனக்கு மறக்கவில்லை. கும்பிடுகிற மாதிரியும் இருந்தது, பயந்த மாதிரியும் இருந்தது.

எண்ணெய் கசிந்தால் கண்டுபிடிக்க அவரிடம் முகப் பவுடர் டப்பா இருந்தது. சந்தேகப்பட்ட இடத்தில் தூவிவிட்டு ஓடவிட்டால் ஈரம் பட்ட இடம் கறுக்கும். பெட்ரோல் அப்படியில்லை. சொட்டாகக் கசிந்தால் தெரியும். ஆவியாகக் கசிந்தால் சூடு பட்டவுடன் காய்ந்துவிடும், கண்ணுக்கு அகப்படாது. அதற்கு மூக்குதான் வேண்டும். அன்றிலிருந்து என் மூக்கு வேண்டும்.

வண்டிக்காரர்கள் எதிரில் கேட்க முடியாதல்லவா? அதற்கு அவரே ஒரு வழி செய்தார். “அக்கா, அந்தத் துணிய எடுத்தாங்க” என்பார். நான் பழந்துணியோடு வந்து, எஞ்சின் மேல் குனிந்து ஒரு இடத்தைத் துடைக்கிற மாதிரித் துடைத்துவிட்டு, துணியை அவரிடம் கொடுக்க வேண்டும். சோத்தாங்கையால் கொடுத்தால் வாடை இல்லை. பீச்சாங்கையால் கொடுத்தால் வாடை இருக்கிறது. ஒரு பெரியவர் இதைப் பார்த்துவிட்டு, “ஏம்மா, ஒனக்குச் சோத்தாங்கை சும்மாதான இருக்கு? மனுசனுக்கு அந்தக் கையாலயா கொடுக்குறது?” என்று சத்தம் போட்டார். எனக்குக் கூச்சத்தில் உடம்பெல்லாம் சுருங்கியது. இவர் தலையைத் தூக்காமலே, “அவுகளுக்குச் சுளுக்குங்கய்யா” என்றார். அப்புறம் டீக்கடையில், “ஒனக்கு அந்தச் சுளுக்கு எப்பத்தான் போகும்?” என்று விசாரிக்க ஆரம்பித்துவிட்டார்கள்.

ஒரு தடவை கேட்டு விடுகிறவர் இல்லை அவர். மூன்று தடவை கேட்பார். துணியை வாங்கி, ஒரு போல்ட்டை முடுக்கி, “அக்கா, துணி” என்பார். மறுபடி வருவேன். இன்னொரு தடவை சாவியைத் திருப்பிவிட்டு, “அக்கா, துணி” என்பார். கேட்டால் ஒரு விளக்கம் வைத்திருந்தார்.

“மொத தடவ வாய் சொல்லும். ரெண்டாந் தடவ பயம் சொல்லும். மூணாந் தடவதான்க்கா மூக்கு சொல்லும்.”

எல்லாவற்றுக்கும் இதே கதைதான். மத்தியானம் தூக்குவாளியைத் திறந்து, “ஊசிப்போச்சா பாருங்கக்கா” என்று நீட்டுவார். இல்லை என்றால் மூடி வைத்துவிட்டு, கை கழுவி வந்து மறுபடி நீட்டுவார். மூன்றாவது தடவை நீட்டுகிறபோது நிஜமாகவே ஆறிப் போயிருக்கும். பெயர்ப் பலகை எழுதிய பஸ்ஸில் ஏறப் போகும்போதும், “தேனி போகுமா? தேனிதான? தேனிக்குத்தான போறீக?” என்பார். “ஏறுங்கண்ணே, இன்னொருக்கக் கேட்டீக, குமுளியில கொண்டுபோய் எறக்கிவிட்ருவேன்” என்று ஒரு கண்டக்டர் சொன்னதை அவர் வீட்டம்மா சொல்லிச் சொல்லிச் சிரிக்கும். எனக்குச் சிரிப்பு வராது. விழுந்த மனுஷன், கால் வைக்கிற இடத்தையெல்லாம் தட்டிப் பார்க்கத்தான் செய்வான்.

அவர் கேட்கக் கேட்க எனக்கு உள்ளுக்குள் ஒரு பாரம் ஏறிக்கொண்டே வந்தது. ஒரு சனத்தின் உயிரே என் மூக்கு நுனியில் உட்கார்ந்திருக்கிற மாதிரி இருக்கும். சளி பிடித்தால் வேலைக்கு வரமாட்டேன். நான் வராத நாளில் அவர் பெட்ரோல் வண்டியைத் தொட மாட்டார்.

அப்படி இருக்கும்போதுதான் அந்த வெள்ளைக் கார் வந்தது.

போடியில் ஏலக்காய் வியாபாரம் செய்கிற ஒரு வீட்டுப் பையன். பையன் என்றால் இருபத்தைந்து வயதிருக்கும். கேரளாப் பக்கம் மலையில் கார்ப் பந்தயம் விடப் போவதாகச் சொன்னான். அதற்காகக் கோயம்புத்தூரிலிருந்து புது மேனிஃபோல்டு ஒன்று வாங்கி வந்திருந்தான். எஞ்சினுக்குள் காற்றை அனுப்புகிற குழாய்க் கூட்டம் அது. கம்பெனி கொடுத்ததைக் கழற்றிவிட்டு இதைப் போட்டால் வேகம் கூடுமாம். புதுப் பாத்திரம் மாதிரி பளபளவென்று இருந்தது. நான் தொட்டுப் பார்த்தேன், உள்ளே கை நுழைகிற அளவுக்கு ஓட்டை.

பழையதில் இருந்த நாலு இன்ஜெக்டரையும் கழற்றி இதில் பொருத்த வேண்டும். இன்ஜெக்டர் என்பது பேனா மூடி அளவுக்கு இருக்கும். அதுதான் பெட்ரோலைப் பீய்ச்சுவது. மேலே ஒரு ரப்பர் வளையம், கீழே ஒரு ரப்பர் வளையம். கீழ்ப் பக்கம் மேனிஃபோல்டு ஓட்டையில் உட்காரும். மேல் பக்கம் ரெயில் என்கிற பெட்ரோல் குழாயில் உட்காரும். வளையம் உலர்ந்திருந்தால் உள்ளே போகும்போது கிழியும். அதனால் ஒவ்வொன்றுக்கும் புது எஞ்சின் ஆயில் ஒரு சொட்டு, விரல் நுனியில் எடுத்து, குழந்தைக்கு மை வைக்கிற மாதிரி தடவுவார். அழுத்தி உட்காரவைத்த பிறகு இரண்டு விரலால் இன்ஜெக்டரைத் திருகிப் பார்ப்பார். லேசாகச் சுற்ற வேண்டும். சுற்றாவிட்டால் வளையம் மடங்கியிருக்கிறது. ஆடினால் இடைவெளி இருக்கிறது. கூட வந்த ரெயிலின் கால் ஒரு நூல் உயரமாக இருந்தது. அப்படியே முடுக்கினால் இன்ஜெக்டர் மேலே ஒட்டாது என்று, ஒரு பகல் பூராவும் அந்தக் காலை அரத்தால் ராவினார். ராவுவார், வைப்பார், திருகிப் பார்ப்பார், எடுப்பார்.

“ஒண்ணு, ரெண்டு, நாலு சரியாருக்குக்கா. இந்த மூணாவதுதான் மனசுக்குப் பிடிக்கல” என்றார். என்னையும் திருகிப் பார்க்கச் சொன்னார். எனக்கு நாலும் ஒன்று மாதிரித்தான் இருந்தது.

மறுநாள் வெள்ளிக்கிழமை. காலையில் சாவியைப் பாதி திருப்பினார். டேங்குப் பக்கம் ஙொய்ங் என்று ஒரு சத்தம் வந்து நின்றது. பெட்ரோல் ரெயிலுக்கு ஏறிவிட்டது என்று அர்த்தம். ஸ்டார்ட் பண்ணுவதற்கு முன்னால் இந்த இடத்தில்தான் பார்த்துக்கொள்ள வேண்டும்.

“அக்கா, துணி.”

குனிந்தேன். வாடை இருந்தது. பலமாக இல்லை, ஆனால் இருந்தது. இடக்கையால் கொடுத்தேன்.

ரெயிலைக் கழற்றினார். நாலு இன்ஜெக்டரையும் எடுத்து, எட்டு வளையத்தையும் மாற்றி, மறுபடி ஆயில், மறுபடி திருகல். சாவி. ஙொய்ங்.

“அக்கா, துணி.”

இன்னும் இருந்தது. ஆனால் இப்போது எனக்கே குழப்பம். ரெயிலைக் கழற்றும்போது கொஞ்சம் பெட்ரோல் கொட்டியிருந்தது. புது மேனிஃபோல்டின் மடிப்புகளில் அது தேங்கியிருக்கலாம். அதோடு, காலையில் ரெயில் போல்ட்டுகளையெல்லாம் பெட்ரோலில் கழுவியது நான்தான். என் முந்தானையே நனைந்திருந்தது. நான் முகர்வது வண்டியையா, என்னையா?

கொட்டகையில் அப்போது நாங்கள் இரண்டு பேர்தான். வாயால் சொன்னேன். “தம்பி, எஞ்சேலையா என்னன்னு தெரியல.”

“அப்ப நீங்க போயிக் குளிச்சுட்டு வேற சேல கட்டிட்டு வாங்க. நான் இத நல்லாத் தொடச்சுக் காத்தாட விடுறேன். மூணாந் தடவதான நமக்குக் கணக்கு” என்றார்.

வீடு பக்கம்தான். தலைக்குத் தண்ணீர் ஊற்றி, பெட்டியில் இருந்த சேலையைக் கட்டிக்கொண்டு ஓடி வந்தேன். அதற்குள் அவர்கள் வந்துவிட்டார்கள். பையன், அவன் அப்பா, மாமா, கூட்டாளிகள் ஏழெட்டுப் பேர். எஞ்சினுக்குப் புதுச் சாமான் போட்டால் பூசை போட்டுத்தான் முதல் ஸ்டார்ட் பண்ணுவது எங்கள் பக்கத்து வழக்கம். சக்கரத்துக்கு எலுமிச்சம்பழம் வைத்தாயிற்று. திறந்த பானெட்டின் ஓரத்தில், இடுக்கில் ஒரு கட்டு ஊதுபத்தி சொருகியாயிற்று. மல்லிகை ஊதுபத்தி. தட்டில் கற்பூரம். அந்த அப்பா பக்கத்தில் வந்தாலே ஏலக்காய் வாசம்.

“ராகு காலம் பத்தரைக்கு வந்துரும். ம், ஆகட்டும்” என்று அவசரப்படுத்தினார் அப்பா.

“அய்யா, தட்ட முன்னாடி பம்பர்கிட்டக் காட்டுங்க. இங்கன வேணாம்” என்றார் இவர்.

“எஞ்சின்தானப்பா புதுசு? பம்பருக்கு எதுக்குக் காட்டணும்? எஞ்சினுக்குத்தான் காட்டணும்.”

“ஒரு நிமிசம்ங்கய்யா. அக்கா, துணி.”

நான் குனிந்தேன். மல்லிகை. மல்லிகை தவிர வேறு ஒன்றும் இல்லை. மூச்சை விட்டு மறுபடி இழுத்தேன். புகை கண்ணைக் கரித்தது. அடியில் ஏதோ இருக்கிற மாதிரியும் இருந்தது, இல்லாத மாதிரியும் இருந்தது. ஊதுபத்தியை எடுங்கள், கொஞ்சம் காற்றாடட்டும் என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அத்தனை ஆம்பளைகள் என் முதுகையே பார்த்துக்கொண்டு நிற்கிறார்கள். எந்தக் கையால் கொடுப்பது? சோத்தாங்கை என்றால் அவர் சாவியைத் திருப்புவார். பீச்சாங்கை என்றால் கூட்டத்தோடு வந்தவர்களைத் திருப்பி அனுப்ப வேண்டும். துணியை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன்.

அவர் என் கையைப் பார்த்தார். அப்புறம் முகத்தைப் பார்த்தார்.

“வாயால சொல்லுங்கக்கா. வாடை வருதா?”

எல்லார் முன்னாலும் கேட்டார். அவ்வளவு வருஷத்தில் அப்படிக் கேட்டதே இல்லை.

“தெரியல தம்பி.”

அதற்குள் அந்த மாமா கற்பூரத்தைப் பற்றவைத்துத் தட்டைத் தூக்கிவிட்டார். இவர் இரண்டு எட்டில் போய், எரிகிற கற்பூரத்தின் மேல் உள்ளங்கையை வைத்து அமுக்கினார்.

“ஏலே, கற்பூரத்தையா அமத்துற? வெளங்குமா?” என்று அப்பா கத்தினார்.

“அய்யா, எனக்கு மூக்கு செத்துப்போச்சு. ஏழு வருசமாச்சு. இந்தக்கா மூக்க வச்சுத்தான் நான் வேலை பாக்குறேன். அவுக தெரியலைங்கிறாக. தெரியாம நான் சாவி திருப்ப மாட்டேன். நாளைக்கு வரைக்கும் விடுங்க, திரும்பக் கழட்டிப் பாத்துத் தாரேன்.”

மாமா தட்டைக் கீழே வைத்தார். அப்புறம் பையனின் கூட்டாளி ஒருத்தன் சிரித்தான். “கெழவி மூக்க வாடகைக்கு எடுத்தா எங்க வண்டியத் தொட்ட?” அதற்குப் பிறகு எல்லாரும் சிரித்தார்கள். அப்பா மட்டும் சிரிக்கவில்லை. “நாளைக்கு உன்னய நம்பி நான் எதுக்கு விடணும்?” என்று கேட்டார். அது நியாயமான கேள்விதான். எஞ்சினை ஸ்டார்ட் பண்ணாமலே கையால் தள்ளிச் சாலைக்குக் கொண்டுபோய், ஒரு ஜீப்பில் கயிறு கட்டி இழுத்துப் போனார்கள். தள்ளுவதற்கு முன்னால் ஓரமாக எடுத்துப் போட்ட எலுமிச்சம்பழம் நாலும் நசுங்காமல் அங்கேயே கிடந்தது. அவர் கையில் கொப்புளம் எழும்பிவிட்டது. நான் தண்ணீர் கொண்டு வந்து ஊற்றினேன். “விடுங்கக்கா” என்றார். என்னைத் திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

கம்பம் சின்ன ஊர். வாடகை மூக்கு என்று பெயர் வைத்துவிட்டார்கள். பெட்ரோல் வண்டி ஒவ்வொன்றாக நின்றது. ஜீப்புக்காரர்களும் சங்கடப்பட்டுக்கொண்டு வேறு பக்கம் போனார்கள். அடுத்த திராட்சை வெட்டுக்கு முன்னாலேயே கொட்டகையைப் பிரித்துவிட்டார். நான் மறுபடி தோட்ட வேலைக்குப் போனேன்.

அந்தக் கார் என்ன ஆயிற்று என்று இரண்டு விதமாகச் சொன்னார்கள். வேறு ஊரில் யாரோ அப்படியே ஸ்டார்ட் பண்ணிக் கொடுத்தார்கள், ஒரு குறையும் இல்லாமல் ஓடி, பையன் கோப்பையே வாங்கிவிட்டான் என்று ஒருத்தர். இல்லை, மலையேற்றத்தில் பானெட்டுக்குள்ளிருந்து தீப்பிடித்தது, பையன் குதித்துத் தப்பினான் என்று இன்னொருத்தர். இரண்டு பேருமே கண்ணால் பார்த்தவர்கள் இல்லை. எதை வேண்டிக்கொள்வது என்று எனக்குத் தெரியவில்லை. நன்றாக ஓடியிருந்தால் அந்தப் பிள்ளைக்கு நல்லது. ஆனால் அப்போது, இல்லாத வாடையைச் சொல்லி ஒரு மனுஷனின் பிழைப்பைக் கெடுத்தவள் நான். தீப்பிடித்திருந்தால் அவர் செய்தது சரி. அதற்காக ஒரு தாய் பெற்ற பிள்ளையின் வண்டி எரிந்திருக்க வேண்டும் என்று நினைக்க முடியுமா?

மூன்று நாலு வருஷம் கழித்து அவரைக் கம்பம் பஸ் ஸ்டாண்டில் பார்த்தேன். மயிலாடும்பாறைப் பக்கம் வீட்டம்மாவின் ஊரோடு போய்விட்டதாகவும், தோட்டங்களில் டீசல் மோட்டார் வேலை பார்ப்பதாகவும் சொன்னார். “டீசல் கசிஞ்சா கண்ணுக்கே தெரியும்க்கா, கவலையில்ல.” என் பிள்ளைகளை விசாரித்தார். அப்புறம் தரையைப் பார்த்துக்கொண்டு கேட்டார்.

“அக்கா, அன்னைக்கு வாடை இருந்துச்சா?”

“தெரியல தம்பி.”

ஒரு டீ வாங்கிக் கொடுத்தார். குடித்து முடிக்கும்வரை வேறு எதையோ பேசினோம். டம்ளரை வைக்கும்போது, “அந்த மூணாவதுலயா இருந்துச்சு?” என்றார். தெரியவில்லை என்றேன். பஸ் வந்துவிட்டது. படியில் ஒரு காலை வைத்துக்கொண்டு திரும்பி, “இருந்துச்சாக்கா?” என்றார். நான் வாயைத் திறப்பதற்குள் பஸ் எடுத்துவிட்டார்கள். திறந்திருந்தாலும் அதையேதான் சொல்லியிருப்பேன்.

அதற்குப் பிறகு அவரைப் பார்க்கவில்லை. அங்கேதான் இருக்கிறார் என்று கேள்வி.

இதில் நான் எழுதியிருக்கிற வேலை முறை சரிதானா என்று, இன்ஜெக்டர் மாட்டத் தெரிந்தவர்கள் யாராவது பார்த்துச் சொல்லுங்கள். வளையம் எட்டுதானா, ஆயில் போடுவதுதான் முறையா என்பதெல்லாம் தப்பாக இருந்தால் திருத்திக்கொள்ளலாம். எனக்கு முக்கியமாகத் தெரிய வேண்டியது ஒன்றுதான். ரெயிலைக் கழற்றும்போது கொட்டுகிற பெட்ரோல், கசிவே இல்லாவிட்டாலும், புது மேனிஃபோல்டின் மடிப்பில் எவ்வளவு நேரம் வாடை அடிக்கும்? அரை மணி நேரமா, ஒரு பகலா? இதைச் சரிபார்த்து, அரை மணி என்றோ ஒரு பகல் என்றோ எழுதினால் போதும். மயிலாடும்பாறைக்கு பஸ் இருக்கிறது. நானே போய்ச் சொல்லிவிட்டு வருவேன்.